ஏறாத குன்று

யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்திலிருந்து குருநகருக்கு நடந்து வரும் வழியில், ஒவ்வொரு சந்தியிலும் செபநாயகம் நின்று திரும்பிப் பார்க்கிறார். கடந்து வந்த தெருவைத் தலை முதல் கடை வரை ஒருமுறை நோக்கிய பின்னரே அடுத்த தெருவில் கால் வைக்கிறார். ஐம்பதை நெருங்கும் அவர் பிறந்து வளர்ந்த ஊர் இது. கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்.

"என்னண்ணை, பின்னாலை நாய் ஏதும் வருதோ?" வேலியோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் யாகோப்பு கேட்காத நாளில்லை.

"நாயில்லையடாப்பா. ஒரு றோட்டுக்கு ரெண்டு முகம். போகேக்கை ஒண்டு, வரேக்கை வேறை ஒண்டு. வாற முகத்தைப் பாராமல் போறவன்தான் துலையிறவன்."

"குருநகரிலையோ துலையப் போறியள்?"

"கால் பழகிப்போச்சு. என்ன செய்ய?"

கால் பழகிய இடம் சிலி நாட்டின் வல்பரைசோத் துறைமுகம். செபநாயகம் கிரேக்கக் கப்பலொன்றின் இயந்திர அறையில் எண்ணெயிடும் தொழிலாளி. கரை சேர்ந்ததும் கூட்டாளிகள் மதுச்சாலைக்குப் போவார்கள். அவர் சப்பாத்தை இறுக்கிக்கொண்டு மலையேறுவார். ஆறு ஆண்டுகளுக்கு முன், வேறொரு கப்பலில் அங்கே போய் இறங்கிய அவருடைய தம்பி கனிசியஸ், அந்தக் கப்பலுக்குத் திரும்பவில்லை. கம்பனிக்குத் தெரிந்தது அவ்வளவே. கனிசியஸின் மனைவி ஸ்ரெல்லா, தான் மனைவியா விதவையா என்று அறியாமலே பக்கத்து வளவில் இருந்து வருகிறாள்.

அந்த நகரத்தைப் பற்றி யாரேனும் கேட்டால், செபநாயகம் மேசையில் விரலால் வரைந்து காட்டுவார். கடலோரம் இரண்டு மூன்று தெருக்களுக்கே சமதரை உண்டு. பிறகு குன்றுகள். அவற்றில் வீடுகள் ஒன்றன் தலையில் ஒன்றாகத் தொங்குகின்றன. சுவரெல்லாம் தகரம், தகரமெல்லாம் கப்பலில் மிஞ்சிய சாயம். தண்டவாளத்தின்மீது கம்பிவடம் இழுத்துக்கொண்டு மேலே போகும் பெட்டிகளும் உண்டு. அவற்றில் அவர் ஏறியதில்லை. "பெட்டியிலை போனால் ஆரைக் காணலாம்? சனம் இருக்கிறது படியிலை" என்பார்.

குன்றேறும் படித்தெருக்களில் பெண்கள் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தெருவின் நாய்கள் அவரைத் தம் எல்லை வரை கொண்டுவந்து அடுத்த தெரு நாய்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும். போர்த்துக்கேயர் விட்டுப்போன சப்பாத்து, மேசை, குசினி என்ற யாழ்ப்பாணச் சொற்கள் ஸ்பானிய மொழி பேசும் அங்கும் செல்லுபடியாவது கண்டு அவர் முதலில் திகைத்தார். பின்னர் அவற்றை வைத்தே காலந்தள்ளினார். மற்றதற்கெல்லாம் கைகளும் தம்பியின் கலியாணப் படமும் போதுமாயிருந்தன.

துறைமுகத் தொழிலாளர் வாழும் குன்றுகளை மூன்று பயணங்களில் ஏறி முடித்தார், ஒன்றைத் தவிர. கடைசிப் பயணத்தில், செருப்புத் தைப்பவன் ஒருவன் படத்தை நெடுநேரம் பார்த்தான். எதிரே தெரிந்த குன்றின் உச்சியைச் சுட்டினான். கையால் மீன் வெட்டிக் காட்டினான். தம்பி அங்கே மீன் வெட்டி விற்கிறான் என்று செபநாயகம் எடுத்துக்கொண்டார்.

இடையில் ஒரு பள்ளம். அதில் இறங்கினால் உச்சி மறைந்துவிடும். எனவே செபநாயகம் தகப்பனிடம் கற்றதைச் செய்தார். குருநகர்க் கடலில் வலை போட்ட இடத்தை மறுபடி பிடிக்க, கரையில் இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கோயில் கோபுரமும் அதன் பின்னால் ஒரு பனையும் என்பதுபோல. அங்கே அந்தக் குன்றுக்கு நேரெதிர்த் திசையில், அவர் முதுகுக்குப் பின்னே, கீழே ஒரு கோபுரமும் அதன் பின்னால் துறையில் கட்டியிருந்த ஒரு கப்பலின் வெள்ளைப் புகைபோக்கியும் ஒரே கோட்டில் நின்றன. திரும்பித் திரும்பிப் பார்த்து அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைக் கடந்து ஏறினார். உச்சியில் மீன்காரன் இல்லை. படத்தை அறிந்தவரும் இல்லை. அவர் பள்ளத்துக்குள் நடந்த வேளையில் அந்தக் கப்பலை வேறு இடத்துக்கு நகர்த்திக் கட்டியிருந்தார்கள். ஏறியது பக்கத்துக் குன்று. அது விளங்கியபோது தன் கப்பல் புறப்படும் நேரமாகிவிட்டது.

"கரையிலை நிண்டுகொண்டு கப்பலை அடையாளம் பிடிச்ச ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தானண்ணை" என்று யாகோப்பு சிரிப்பார்.

"கடலிலை நிக்கேக்கை கரை அசையாது. அந்தப் புத்தியோடை மலையிலை நிண்டிட்டன்" என்பார் செபநாயகம். அன்று தொடங்கியதுதான் சந்திக்குச் சந்தி திரும்பிப் பார்க்கும் வழக்கம்.

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்த ஆத்துமாக்களின் திருநாள். கடலோடு போனவர்களுக்குக் கல்லறை இல்லாததால், சவக்காலையின் நடுச் சிலுவையடியில் அவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். மாலை மணி அடித்தபோது செபநாயகம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் மெயில் ரயிலில் கொழும்பு, அங்கிருந்து கப்பல், செம்பு ஏற்ற மீண்டும் வல்பரைசோ. ஸ்ரெல்லா கையில் ஒரு மெழுகுதிரியோடு வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், இந்த முறை கொளுத்தச் சொல்லி வீட்டிலை ஒரே கரைச்சல். கொளுத்தட்டோ, விடட்டோ?"

"செத்தவனெண்டு ஆர் சொன்னது, பிள்ளை?"

"இருக்கிறாரெண்டு ஆர் சொன்னது?"

"அந்தச் செருப்புத் தைக்கிறவன்."

"அவன் கையைக் காட்டினவன். அவ்வளவுதானே." அவள் குரல் உயரவில்லை. "வேறை குடும்பமாய் இருந்தாலும் எனக்கு வந்து சொல்லவேணும். பாவமெண்டு நினைச்சு மறைக்கக் கூடாது."

"மறைக்கமாட்டன்."

"அப்ப இதை என்ன செய்யிறது?"

செபநாயகம் கையை நீட்டி மெழுகுதிரியை வாங்கினார். பெட்டியின் அடியிலிருந்து மலையேறும் சப்பாத்துகளில் ஒன்றை எடுத்தார். முறியாதபடி மெழுகுதிரியைக் காலுறையில் சுற்றி, சப்பாத்துக்குள் வைத்து, கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.