மாதாவின் முக்காடு என்ன நிறம்?

மரக்காணம் உப்பளங்களின் வெள்ளையில் கூசிப்போன கண்களோடு, சாலையோரத் தேவாலயத்துக்குள் நுழைகிறேன். சற்றுப் பொறுத்துத்தான் பீடத்துக்கு மேலிருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் துலங்குகிறது. சிவப்பு என்பது விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் இரத்தம், நீலம் என்பது விண்ணகம் என்று படித்திருக்கிறேன். மாதாவின் முக்காடு அந்த நீலம்.

முன்வரிசையில் ஒரு பெண்மணி. மடியில் கறுப்புக் கண்ணாடி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார், பிறகு மறுகண்ணைப் பொத்திக்கொண்டு. என்னைக் கண்டதும் கேட்கிறார்:

"மாதா முக்காடு என்னா கலருங்க?"

"நீலம்."

"நீலம்னா மோட்சம்னு ஃபாதர் சொல்வாரு. எனக்கு அழுக்குப் பச்சையாத்தான் தெரியும். சும்மா தலையாட்டிட்டு இருந்தேன்." சிரிக்கிறார். பெயர் ஸ்டெல்லாவாம், உப்பளத்தில் வேலையாம். "போன வாரம் வலது கண்ணுல புரை எடுத்தாங்க. இன்னைக்கு வந்து பார்த்தா நீலமா இருக்குது! இடது கண்ணுல இன்னும் பச்சைதான்."

"அதுக்கும் ஆபரேஷன் உண்டுங்களா?"

"கூப்பிட்டாங்க. பயந்துக்கினு வேணாம்னு சொல்லிட்டேன்."

மறுபடி இடது கண்ணால் பார்க்கிறார். வலது கண்ணால் வெகுநேரம் பார்க்கிறார். பிறகு போனை எடுத்து மகளை அழைக்கிறார்.

"ஆஸ்பத்திரியில சொல்லிடும்மா. இன்னொரு கண்ணுக்கும் வர்றேன்."