அடி எடுத்துக் கொடுத்தவள்

முதல் நாள் காலை, நாங்கள் மதாம் என்று அழைத்த பிரெஞ்சு நடிகை தன் வசனத் தாள்களை என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். எழுபதைத் தாண்டியவர் அந்த நிமிடம் ஒப்புவிக்கக் கூப்பிடப்பட்ட பள்ளிக்கூடப் பெண்ணைப் போல இருந்தார். அவரைவிட ஐம்பது வயது சின்னவளான நான் டீச்சரைப் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்பதுதான் மரியாதையோ என்று இரண்டு தடவை யோசித்தேன். "உட்காருங்கள். நீங்கள் நின்றால் எனக்குக் கால் வலிக்கும்" என்றார், திரும்பாமலேயே. பிரெஞ்சிலும் மரியாதைக்கு ஒரு 'நீங்கள்' உண்டு. கடைசி நாள் வரை அவர் என்னை அப்படித்தான் அழைத்தார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு நடந்தது. ப்ளஸ் டூவில் மார்க் வரும் என்பதற்காகப் பிரெஞ்சு எடுத்து, பிறகு அதையே பட்டப்படிப்பாகவும் படித்தவள் நான். திருச்சியில் ஒரு பிரெஞ்சுப் படத்தின் படப்பிடிப்பு நடந்தபோது, மொழிபெயர்க்க உள்ளூர்ப் பெண் வேண்டும் என்றார்கள். போன மூன்றாம் நாளே மதாமின் உதவியாளருக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் செய்த வேலை எனக்கு வந்தது. தினமும் காலையில் மதாம் வசனம் சொல்வதைத் தாளோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "வெள்ளக்கார மாமி பாடம் ஒப்பிக்கறதக் கேக்கறது ஒரு உத்தியோகமாடி?" என்றாள். அப்பாதான், "கேக்கட்டுமே, நம்மாத்துல நித்தம் நடக்கறதுதானே" என்று முடித்துவைத்தார்.

அது உண்மைதான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் விடிந்தால் பாசுரம்தான். சிறு வயதில் நானும் அண்ணனும் அப்பா முன்னால் நின்று சொல்வோம். யாராவது ஒரு மூச்சு தயங்கினால் மற்றவர் உடனே அடி எடுத்துக் கொடுக்க வேண்டும். கோயிலில் கோஷ்டியாகப் பாசுரம் சேவிக்கும்போதும் அப்படித்தான், குரல் நடுவில் அறுந்து போகக் கூடாது. அதை நாங்கள் உதவி என்று நினைத்ததில்லை, கடமை என்றே வளர்ந்தோம். எதிரில் இருப்பவர் நிறுத்தினால் மறந்துவிட்டார் என்று பொருள். வேறொரு பொருள் இருக்கக்கூடும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

காவிரிப் பாலம் தாண்டிப் பாலக்கரையில் படப்பிடிப்பு நடந்த வீட்டுக்குப் போகும் வழியில், காரில், மதாம் தன் வாழ்க்கையைத் துண்டு துண்டாகச் சொல்வார். ஒரு சின்ன ஊர் நாடக அரங்கில் டிக்கெட் கிழிப்பவரின் மகள். இலவசமாகப் பார்த்துப் பார்த்தே எல்லார் வசனமும் பாடமாகிவிட்டது. பதினேழு வயதில், ஒரு நடிகை வராத அன்று மேடையேறினார். இருபதுகளில் சினிமா அவரைக் கூப்பிட்டது. அப்போது எழுதியவர்களெல்லாம் அவர் முகத்தைப் பற்றி மட்டுமே எழுதினார்களாம். "நாற்பது வயதில் தொலைபேசி ஊமையாகிவிட்டது. பழுதோ என்று ஆள் கூட்டி வந்து பார்த்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மேடைக்கே திரும்பி ராணி, வேலைக்காரி, பைத்தியம், தாய் என்று வருடக்கணக்கில் நடித்தார். சொந்த மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனார். "நான் அம்மாவாக நடிப்பதைப் பார்க்க என் மகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவாள். நன்றாக நடிப்பதாகத்தான் சொல்வாள்" என்றார் ஒருநாள். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அதில் இருந்த கசப்பு புரியாமல் நானும் சிரித்து வைத்தேன்.

இந்தப் படத்திலும் அவர் தாய்தான். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த மகன் இறந்துபோகிறான். அவன் குடியிருந்த மாடி போர்ஷனைக் காலி செய்யத் தாய் வருகிறாள். அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தபடியே இரண்டு பக்கம் தனியாகப் பேசுகிறாள். "இந்த ஒரு காட்சிக்காகத்தான் வந்தேன். உடைக்காமல் ஒரே மூச்சில் எடுப்பதாக டைரக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்றார் மதாம்.

இரண்டாம் வாரத்தில் வசனம் நழுவ ஆரம்பித்தது. நேற்றுப் பிசகாமல் சொன்னது இன்று பாதியில் நின்றுவிடும். ஒரு காலையில் ஒரே வரியில் மூன்று முறை நின்ற பிறகு, அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது தெரிந்தால் காட்சியைத் துண்டு போடுவார்கள். பிறகு யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். நமக்குள் இருக்கட்டும்" என்றார். ஒரு ஏற்பாடும் சொன்னார். வார்த்தை வேண்டுமென்றால் இடது கையை மூடுவார், அப்போது நான் கொடுக்க வேண்டும். கை திறந்திருந்தால் எவ்வளவு நேரமானாலும் பேசக் கூடாது. அதே வாரம் டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வசனம் மறக்கிறாரா? மறைக்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டார். இல்லை என்றேன்.

காட்சி எடுக்கும் நாளில் பாலக்கரை வீட்டுக்காரம்மா எல்லாருக்கும் மணப்பாறை முறுக்கு கொடுத்தார். மதாமைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏம்மா, இவங்க பெரிய ஸ்டாருங்கறீங்க, காதுல ஒரு கம்மல் இல்ல. பாத்தா ரிட்டயர்ட் ஹெச்.எம். மாதிரி இருக்காங்க!" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். ராணியாக நடித்தபோது போட்ட நகையெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார் மதாம். "திருப்பிக் குடுத்துட்டாங்களா? வெவரம் பத்தாத அம்மா!" என்று வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொள்ள, பொருள் புரியாமலேயே மதாம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அறைக் கதவுக்குப் பின்னால், கேமராவில் படாத இடத்தில், நான் தாளோடு நின்றேன். வாய்ச் சத்தமே இல்லாமல் ஒவ்வொரு சொல்லையும் அவரோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசிச் சட்டையை எடுத்தார். அதைப் பார்த்து, 'இந்தச் சட்டையை நான் பார்த்ததே இல்லை' என்று சொல்ல வேண்டும், அதோடு காட்சி முடியும். அவர் சொல்லவில்லை. சட்டையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். இடது கை துணிக்குள் இருந்தது. மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று தெரியவில்லை. தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. வசனத்தை மறப்பவர் அடையாளத்தையும் மறந்திருக்கலாமே என்று தோன்றியது. ஒரே ஒரு வரிக்காக எல்லாம் போய்விடுமே என்று பதறினேன். "இந்தச் சட்டை…" என்று மெல்ல அடி எடுத்துக் கொடுத்தேன்.

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். டைரக்டர் நிறுத்தச் சொன்னார்.

நான் உள்ளே போனபோது மதாம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோபமில்லாமல், தணிந்த குரலில், "நான் மறக்கவில்லை. அவனைத் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். மறுபடி எடுத்தார்கள். இந்த முறை நிஜமாகவே பாதியில் நின்றுபோனார். எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி கையை மூடினார். மூன்றாவது முறை அதற்கும் முன்பே நின்றது. டைரக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காட்சியை ஆறு துண்டாகப் பிரித்தார். மதாம் ஒத்துக்கொண்டார். "நல்லாத்தானே பேசுனாங்க, எதுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறாரு?" என்று வீட்டுக்காரம்மா என்னைக் கேட்டார். அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "நல்ல பெண் நீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு பல கடிதங்கள் எழுதி அழித்தேன். மன்னிப்புக் கேட்டால் ஞாபகப்படுத்தியது போல ஆகுமோ, கேட்காவிட்டால் திமிர் என்று நினைப்பாரோ என்றே நாட்கள் போயின. போன வருடம் அவர் இறந்த செய்தியைப் படித்தேன். அதுதான் அவருடைய கடைசிப் படம் என்று எழுதியிருந்தது. அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொரு படம் கிடைத்திருக்குமா? ஒருவேளை அந்த மறதி எப்படியும் அவரை நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிக்கொள்வதும் தப்பித்துக்கொள்ளத்தானோ என்று உடனே தோன்றுகிறது.

படத்தைப் பார்க்கும் துணிச்சல் போன மாதம்தான் வந்தது. என் மகளுக்கு இரண்டரை வயது. இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. காது நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். பயிற்சி கொடுப்பவர், "அவ கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிடுறீங்கம்மா. கொஞ்சம் பொறுங்க" என்றார். என் கணவர் அதையே வேறு விதமாகச் சொல்வார்: "நீ அவளுக்கு டப்பிங் குடுத்துட்டு இருக்க." அதற்குப் பின்தான் மதாமின் நினைவு விடாமல் வர ஆரம்பித்தது. குழந்தை தூங்கிய ஒரு மத்தியானத்தில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.

காட்சி ஆறு துண்டாக இல்லை. முதல் முறை எடுத்ததையே வைத்திருந்தார்கள். சட்டையோடு நிற்கிறார். நிசப்தம் நீள்கிறது. ஆறு வருடம் கழித்தும் என் வாய் தானாக அசைந்தது. மதாம் திரும்பிக் கதவைப் பார்க்கிறார். அங்கேயே காட்சி முடிந்துவிடுகிறது. என் குரலை மட்டும் துடைத்து எடுத்திருந்தார்கள். இத்தனை நாளும் அந்தப் பார்வையைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். நிறுத்திவைத்துப் பார்த்தேன். கோபம் இல்லை. யாரோ வந்துவிட்டார்கள் என்று ஒரு நொடி நம்பிய முகம் அது. படம் பார்ப்பவர்களுக்கு அது மகன். கதவுக்குப் பின்னால் நின்றவள் நான் என்பது எங்கள் இரண்டு பேருக்குத் தெரியும், இப்போது எனக்கு மட்டும்.

நான் நிமிர்ந்தபோது மகள் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்வை. தூங்கி எழுந்தால் அவளுக்குத் தண்ணீர் வேண்டும். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. 'தண்ணி' என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீதியில் பூக்காரர் கூவிக்கொண்டு போய், அந்தக் குரல் தேய்ந்து மறையும் வரைக்கும் இருந்தேன்.

அவள் தண்ணீர் பாட்டிலின் பக்கம் பார்க்கவே இல்லை. திரையில் நின்றுபோயிருந்த முகத்தை நோக்கி விரலை நீட்டி, "யாரு?" என்றாள்.