ரேகா செட்டில் எதுவும் ஓடவில்லை

கடலூர் முதுநகரில் தேவசகாயம் என்பவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருவிழாக்களுக்குச் சீரியல் லைட் செட் கட்டியவர். அவர் படுத்ததும் தொழிலை மகள் ரேகா எடுத்துக்கொண்டாள். சிதம்பரத்தில் இயற்பியல் எம்.எஸ்சி. படித்தவள். ஏணியிலும் ஏறுவாள்.

சிதம்பரத்தில் ஒரு திருவிழாவுக்கு முதல்முறையாக அவள் பெயரில் வேலை கிடைத்தது. தெரு நெடுக விளக்குப் பலகைகள். எப்போது எரிய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் வைத்து முன்பே குறித்துவிட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக எரியும்போது பார்த்தால் வெளிச்சம் ஓடும். கணக்குப்படி அந்த ஓட்டம் ஒளியின் வேகத்தையே மிஞ்சும்படி வைக்கலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். விழாக் குழுத் தலைவர் ராஜாமணி பிடித்துக்கொண்டார்.

“ஐன்ஸ்டீனைத் தோற்கடிச்ச கடலூர் ரேகா! பேனர்ல உம் பேரு பெருசா போடுறோம், மைக்குலயும் சொல்றோம்.”

“வேணாங்க. எதுவும் ஓடலை.”

“என் கண்ணுக்கே தெரியுதேம்மா!”

ரேகா விளக்குகளை மெதுவாக ஓடவிட்டு, நடுவில் ஒரு பலகையைக் கழற்றினாள். அதற்கு அப்பால் இருந்தவை நேரம் தவறாமல் எரிந்தன.

“நெசமா ஒண்ணு ஓடிவந்தா இங்கயே நின்னிருக்கணும்ல? பக்கத்துப் பலகை எரிஞ்சது இதுக்குத் தெரியவே தெரியாது. இங்கேருந்து அங்க ஒரு சேதி அனுப்பிப் பாருங்க, அது ஒளியை மிஞ்சவே மிஞ்சாது. ஐன்ஸ்டீனோட சார்பியல் தடுக்கிறது அதைத்தான்.”

“அப்ப பேரும் கிடையாது.”

“சரிங்க.”

வீட்டில் தேவசகாயம் கொதித்தார். “மொத வேலைடி! யாரு செட்டுன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?”

“பொய்யா தெரியறதுக்குத் தெரியாமலே இருக்கட்டும்ப்பா.”

“நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர்.”

“மாத்திரை போடுங்க” என்றேன்.

விழாவன்று அவரைச் சக்கர நாற்காலியோடு காரில் ஏற்றிப் போனேன். பேனரில் ரேகா பெயர் இல்லை. மைக்கிலும் வரவில்லை. ஆனால் தெருவே அண்ணாந்து நின்றது.

கீரப்பாளையத்துக்காரர் ஒருவர் வாய்விட்டுக் கேட்டார். “என்னா ஓட்டம்! யாரு செட்டு இது?”

“எம் பொண்ணு ரேகா செட்டு” என்றார் தேவசகாயம். “ஓடலைய்யா. ஓடுற மாதிரி காட்டுறா. ஒவ்வொண்ணும் அது அது நேரத்துக்கு எரியுது, அவ்ளோதான்.”

கேட்டவருக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். நான் நாற்காலியைத் தள்ளித் தெருமுனை வருவதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

“எதிர்ச்சாரிக்குச் சொல்லலை சிஸ்டர்” என்றார். “திருப்புங்க.”

திருப்பினேன்.