எந்த ஃபீல்டு?

முனிலட்சுமி ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பத்துப் பெண். கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தவள், பேட்டரி வண்டிக்கு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். ஒருநாள் காலை ஆள் குறைந்ததால் காந்தமேற்றும் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே மிஷினுக்குள் ரோட்டாரை, அதாவது மோட்டாரில் சுழலும் உருளையை, வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு அதிர்வு. மின்சாரம் அதைக் காந்தமாக்கிவிடும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்த அந்த லைனில் மின்புலமும் ஃபீல்டுதான், காந்தப்புலமும் ஃபீல்டுதான்.

"ஃபீல்டு ஆஃப்! தூக்கும்மா," என்று சூப்பர்வைசர் மோகன்குமார் கத்தினார்.

மிஷின் விளக்கு அணைந்திருந்தது. இனி ஒன்றுமில்லை என்று நம்பி ரோட்டாரைத் தூக்கி இரும்பு மேஜைப் பக்கம் திரும்பினாள். அது அவள் கையையும் இழுத்துக்கொண்டு போய் மேஜையில் அறைந்தது. இடது கை நடுவில் மாட்டி எலும்பு நொறுங்கியது. இரண்டு பேர் கட்டையால் நெம்பிப் பிரித்தபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் தோலில் தொங்கின. அவள் அலறியதில் மொத்த லைனும் நின்றது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

காயம் ஆறியதும் மேனேஜர் அறையில் விசாரணை. துணைக்கு லைனில் வேலை செய்யும் எஸ்லின் வந்திருந்தாள்.

"நான் ஆஃப்னு சொன்னது மின்புலத்தை," என்றார் மோகன்குமார். "ஏறின காந்தப்புலம் எங்க சார் போகும்? பிளஸ் டூ பாடம் இது."

"ரெண்டுக்கும் ஒரே பேர்தானே சார் சொன்னீங்க?" என்றாள் முனிலட்சுமி.

"உனக்குப் புரியலன்னா நான் என்னம்மா பண்றது?" என்று சிரித்தார்.

மேஜைமேல் நிறைய தண்ணீரோடு எவர்சில்வர் ஜக் இருந்தது. வலது கையால் அதை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது. இரண்டாவது அடியில் உதடு கிழிந்து ஒரு பல் தரையில் விழுந்தது. மூன்றாவதாக ஓங்கியபோது எஸ்லின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். "விடுறி! என் விரலைக் கொடுக்கச் சொல்லு!"

முனிலட்சுமிக்கு வேலை போயிற்று. அவள்மேல் போட்ட போலீஸ் கேஸ் இன்னும் ஓசூர் கோர்ட்டில் நடக்கிறது. லைன் பெண்கள் வேலைக்குப் போகாமல் கம்பெனி வாசலில் உட்கார்ந்ததில், எது அணைந்தது, எது அணையவில்லை என்று தனித்தனியாகச் சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது. வாய்தா அன்று கோர்ட்டில் எஸ்லின்தான் இதை அவளிடம் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அவரை அடிச்சதுக்கு வருத்தப்படறியாக்கா?"

"இல்லடி," என்றாள் முனிலட்சுமி. "இல்லாத விரல்தான் ராத்திரியெல்லாம் வலிக்குது."