கோல்கீப்பருக்கு எத்தனை ரொட்டி?

உதைபந்தாட்டத்தில் அதிகம் உழைப்பவர் யார்? எனக்குத் தெரியாது.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளியில் பயிற்சி முடிந்ததும் ஓடி ஆடுகிறவனுக்கு இரண்டு ரொட்டி, கோலில் நிற்கிறவனுக்கு ஒன்று. பங்கிடுவது நான். மைதானம் தோட்டத்தை நடத்தும் துரை தந்தது. தேயிலை நட முடியாத சரிவு.

நேற்று கோல்கீப்பர் முத்தையா ஒற்றை ரொட்டியை வாங்க மறுத்தான். "கோலுக்குப் பின்னால பள்ளமுங்க டீச்சரம்மா. பந்து போனா ஓடை வரைக்கும் எறங்கி ஏறுறது நான்தாங்க."

"நீ ஒழுங்கா புடிச்சா அது ஏன்டா பள்ளத்துக்குப் போவுது?" என்றான் முன்வரிசையில் ஆடும் கருப்பையா.

நான் எதையும் பார்க்காமல் நம்புவதில்லை. ஓடைவரை இறங்கி, தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தேன். பேச மூச்சில்லை. இனி முத்தையாவுக்கு இத்தனை ரொட்டி என்று மூன்று விரல்களைக் காட்டினேன்.

உங்கள் ஊரில் எப்படிப் பங்கிடுகிறீர்கள், சொல்லுங்கள். இன்று பயிற்சிக்கு வந்த பதினொரு பேரும் கோலுக்குள் நின்றார்கள். பந்தை உதைக்கத்தான் ஆள் இல்லை.