மூக்கு லாரிக்குக் காற்று வழி

லாரி டிங்கரிங் பட்டறைக்கு யாரும் நல்ல வண்டியோடு வருவதில்லை. கொதிக்கிற வண்டியோடும், அதைவிடக் கொதிக்கிற மனசோடும்தான் வருவார்கள். கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டோரம் என் பட்டறை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் எனக்கு ஓயாத வேலை. நேர் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறித்துவிடுவார்கள். லாரிகள் லோடோடு சுற்று வழியில் மேடும் பள்ளமுமாக ஊர்ந்து போகும். ஊர்ந்து போகிற வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, ரேடியேட்டர் கொதித்துவிடும். அதற்காக முன் கிரில்லை அகலப்படுத்துவேன். மூக்கு மாதிரி முன்னால் நீண்டிருக்கிற பானெட் தகட்டை வரிவரியாகக் கீறி, லேசாக நிமிர்த்தி, சூடு வெளியே போக வழி வைப்பேன். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களே, நீங்களாவது நம்புவீர்கள் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

பேர் சொல்லிக் கூப்பிட்டது

மாரி என்ற டிரைவர் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் ஏற்றி வருகிறவர். பானெட் கீறி அனுப்பிய கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்தார். "சூடு கம்மியாயிடுச்சி பாய். ஆனா மலை ஏறச்சொல்ல வண்டி என் பேரச் சொல்லிக் கூப்புடுது" என்றார். கீறலில் காற்று புகுந்து விசிலடிப்பது தொழிலில் சகஜம். சிரித்துக்கொண்டே அவரோடு ஏறி உட்கார்ந்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எனக்கும் கேட்டது. "மா...ரீ..." என்று இழுத்த ஒரு பொம்பளைக் குரல். உச்சி வெயில் நேரம். வண்டியை நிறுத்தச் சொல்லி, கீறல்களில் ஈரச்சாக்கைத் திணித்து அடைத்தேன். என்ஜினையும் அணைத்தாயிற்று. ஒரு இலைகூட அசையவில்லை. அப்போது மேலே, அடுத்த வளைவிலிருந்து, அதே குரல், அதே இழுப்பு. மாரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"வண்டிதான் நின்னுடுச்சே பாய். இப்ப கூப்புடறது யாரு?"

பச்சைப் புளிய இலை

அன்று திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே மலை இறங்கிய கதையை விடுங்கள். அடுத்து வந்தவர் நைனார்பாளையம் ஆறுமுகம். பட்டறைக்குள் நுழையும்போதே சண்டை. "இன்னா பாய் பெருசா கிரில் வச்ச? முன்னவிட ஜாஸ்தியாக் கொதிக்குது!" கிரில்லைக் கழற்றினேன். ரேடியேட்டரை மூடிக்கொண்டு ஒரு தலையணை கனத்துக்குப் புளிய இலை. காய்ந்த சருகல்ல, இளம் பச்சை. கிள்ளினால் புளிப்பு வாசனை வந்தது. இப்படி அடைத்தால் காற்று எப்படிப் போகும்?

எந்த ரோட்டில் வந்தார் என்று கேட்டேன். சொன்னார். அந்த ரோட்டில் நானும் போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்த புளியமரம் அத்தனையும் மறியலுக்கு விழுந்து, அறுத்து வண்டியேற்றிக்கூட முடிந்துவிட்டது. அங்கே மரம் ஏதுங்க என்றதும் ஆறுமுகத்தின் கோபம் அப்படியே இறங்கிப்போனது. இலையைத் தொடாமல் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"மரமில்லதான் பாய். ஆனா நான் வழி பூரா நெழல்லதான வந்துகினு இருந்தேன்."

இரண்டு கை

உளுந்தூர்பேட்டை முதலாளி ஒருவர் தன் லாரியை ஆள் வைத்து ஓட்டி அனுப்பியிருந்தார். வழக்கமான டிரைவர் செல்வராசு மறியலில் வண்டியை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாராம். பானெட்டைக் கீறலாம் என்று துடைத்தேன். முன் முகப்பில் இரண்டு பள்ளம். ஒன்று ஆண்பிள்ளைக் கை பதிந்தது, விரலெல்லாம் விரிந்து. பக்கத்தில் இன்னொன்று, சின்னது. கனமான தகடு அது. சுத்தியால் அடித்தாலே சுலபத்தில் மடங்காது. தட்டி நிமிர்த்தலாமென்று சுத்தியை எடுத்தேன். மனசு வரவில்லை, வைத்துவிட்டேன்.

சாயங்காலம் செல்வராசே வந்தார். வலது மணிக்கட்டில் கட்டு. தியாகதுருகம் பக்கம் இறக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மறியலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் வழிவிடச் சொல்லிக் கேட்கக் கீழே இறங்கியிருக்கிறார். "குந்திகினு இருந்ததெல்லாம் எங்க ஜனம்தான் பாய். பேசிகினு இருக்கச்சொல்ல ஹாண்ட்பிரேக் வுட்டுடுச்சி." வண்டி உருள, எல்லாரும் எழுந்து ஓடினார்கள். கால் விளங்காத ஒரு பெரியவர் மட்டும் ரோட்டிலேயே கிடந்தார். செல்வராசு குறுக்கே பாய்ந்து வண்டிக்கு முட்டுக் கொடுத்தார். லோடு வண்டி, பெரியவர் தலைக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது.

"அப்பறம் பயந்து மலைக்கு ஓடிட்டேன். வூட்டுக்கே போகல" என்று சொல்லிக்கொண்டே பானெட் பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். பெரிய பள்ளத்தில் தன் வலது கையை வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பக்கத்திலிருந்த சின்னதைக் காட்டி, இடது கை ஏன் சிறுத்துவிட்டது என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எடது கையால பெரியவரப் புடிச்சி இழுத்துகினு இருந்தேன் பாய். அது யாரு கைன்னு எனக்குத் தெரியாது."

பள்ளத்தைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் கீறி அனுப்பினேன். என்ஜினுக்குக் காற்று போகிற வரைக்கும்தான் என் பொறுப்பு, காற்றோடு கூட வருகிறவர்களுக்குப் பட்டறையில் கேரண்டி கிடையாது.