எந்த இருளப்பன்?

ப்ளெக்ஸ் அடிக்கிற தொழிலில் மெஷின் படுத்துகிற பாட்டை விடப் பேர் படுத்துகிற பாடு பெரிது. ஒரு புள்ளி விட்டுப்போனால் மொத்த பேனரும் குப்பைக்கு. தாய்மாமன் பேர் சித்தப்பா பேருக்குக் கீழே வந்துவிட்டால் கல்யாண வீட்டில் அடிதடி. ஜெராக்ஸ் கடையோ, ஸ்டுடியோவோ, பத்திரிகை அச்சடிக்கிற கடையோ வைத்து ஊரார் பேரோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவரா நீங்கள்? அப்படியானால் நான் பாதி சொன்னாலே மீதி உங்களுக்குப் புரிந்துவிடும்.

என் பாடு உங்களுடையதை விடக் கொஞ்சம் கூடுதல். எனக்கு ஊர் திருச்சுழி ரோட்டில். எங்கள் காவல் சாமி இருளப்பசாமி. அதனால் ஊரில் பாதி ஆம்பளைகள் இருளப்பன், பாதிப் பொம்பளைகள் இருளாயி. ஊருணி, இருளப்பன் ஊருணி. பஸ் நிற்கிற இடம், இருளப்பன் விலக்கு. டீக்கடை, கபடி டீம், மகளிர் குழு எல்லாவற்றுக்கும் அதே பேர். வடக்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு பேர் என்று வைத்துக்கொள்கிறார்களாம். எங்களுக்கு ஊருக்கே ஒன்றுதான். என் அப்பா இருளப்பன், அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். நான் இ.இருளாயி, அருப்புக்கோட்டையில் ப்ளெக்ஸ் கடைக்காரி.

போர்டு மாட்டிய அன்று

கடை திறப்பதற்கு முதல் நாள் ‘இருளாயி டிஜிட்டல்ஸ்’ என்று போர்டு மாட்டிக்கொண்டிருந்தேன். கட்டடத்துக்கார அண்ணாச்சி வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் சரியில்லை. “லைட்டு எரியப் போற போர்டுல இருட்டுன்னு எழுதியிருக்கியேம்மா! லட்சுமின்னு மாத்திரு. யாவாரம் நடக்க வேணாமா?” என்றார். “லட்சுமி பேர்ல இந்தத் தெருவுலயே ஏழெட்டுக் கடை இருக்கு அண்ணாச்சி. அவுக யாவாரத்தை நான் ஏன் கெடுக்கணும்?” என்றேன். அவருக்குக் கோபம். திறப்பு விழாவுக்கு வரவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து, மாடியில் காலியாக இருந்த போர்ஷனை வாடகைக்குப் பார்க்க யாரோ வந்தார்கள். வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணாச்சிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் என் கடை வாசலில் நின்றபடி எதையெதையோ அடையாளம் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “இருளாயி கடைன்னு கேளுங்க, சின்னப் புள்ளையும் காட்டும்.”

யாருக்குக் கண்ணீர் அஞ்சலி?

ஊரில் ஆடு மேய்த்த இருளப்பன் இறந்துபோனார். போஸ்டர் அடிக்க மூத்த மகன் வந்தான். போட்டோ கிடையாது, ஆதார் கார்டில் இருந்ததும் மூஞ்சி தெரியாத கறுப்பு. வெறும் பேரை மட்டும் போட்டால் ஊர் குழம்பிப்போகும். “ஆட்டுக்கார இருளப்பன்னு போடவா தம்பி?” என்று கேட்டேன். அவன் கண் நிறைந்துவிட்டது. “உசுரோட இருந்த வரைக்கும் ஏலே ஆட்டுக்காரான்னுதான் கூப்புட்டாக. இதுலயாவது எங்கய்யா பேரை மட்டும் போடுங்கக்கா” என்றான்.  ‘திரு. இருளப்பன் அவர்கள்’ என்று அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் டிராக்டர் ஓட்டுகிற இருளப்பன் மாமா கடைக்கு வந்து நின்றார். போஸ்டரை யாரோ போட்டோ எடுத்துப் போனில் அனுப்ப, காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த அவர் மகள் பஸ்ஸிலேயே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறாள். அப்பன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். எனக்குப் பதறிவிட்டது. “செத்தது நீங்க இல்லன்னு கீழே ஒரு வரி சேத்து ஒட்டிரட்டுமா மாமா?” என்றேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். “வேணாம் தாயி. வருசக்கணக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன மருமகன் மாலையோட வந்துட்டாரு, அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

மிஸ்டர் இருளப்பன்

ஆடு மேய்த்த இருளப்பனின் இளைய மகன் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கேட்கிறார்கள் அல்லவா, நம் ஆட்கள் அப்பா பேரைக் கொடுப்பார்கள். அதனால் அவன் தங்கியிருந்த கேம்பில் எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேரும் மிஸ்டர் இருளப்பன்தான். நாலு பேருக்கும் அப்பா வேறு வேறு. அப்பா செத்துவிட்டார் என்று இவன் லீவு கேட்டதும் மேனேஜர் சிரித்தாராம். போன வருசமே ஒரு மிஸ்டர் இருளப்பனுக்கு அப்பா செத்து லீவு கொடுத்தாயிற்று, ஒரு அப்பா எத்தனை தடவை சாவார் என்று கேட்டிருக்கிறார். பையன் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறான். மற்ற மூன்று இருளப்பன்களும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

இதை எனக்குச் சொன்னது அருப்புக்கோட்டை காதர் பாய். அப்போது அதே கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவர், இப்போது இங்கே செருப்புக் கடை போட்டிருக்கிறார். கடைத் திறப்புக்கு பேனர் அடிக்க வந்தபோது பேச்சு வந்தது. அன்றைக்கு ஸ்டோர் திறக்காததால் சாமான் எடுக்க முடியாமல் சைட்டே நின்றுபோனதாம். மதியத்துக்குள் மேனேஜர் லீவில் கையெழுத்துப் போட்டார். பையன் கருமாதிக்கு வந்து சேர்ந்துவிட்டான். “நீங்க ஏன் பாய் ஸ்டோரைத் திறக்கல?” என்று கேட்டேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டார். “சாவி என் இடுப்புலதாம்மா இருந்துச்சு. அவுக கையெழுத்துப் போடுற வரைக்கும் என் கைக்கு அது தட்டுப்படவே இல்ல.”

விலக்கில் ஒரு போர்டு

விலக்குப் பக்கத்து மானாவாரிக் காட்டை ஒருவர் வாங்கி ப்ளாட் போட்டார். ‘கிரீன் சிட்டி’ என்று பேர். சுற்றிலும் சீமைக்கருவேலம் மட்டும்தான் பச்சை. வளைவு, பேனர், நோட்டீஸ் எல்லாம் என்னிடம்தான் அடித்தார். நல்ல பார்ட்டி. மெஷின் லோனில் ஓடுகிற எனக்கு அது பெரிய தெம்பு. பிறகு ஒருநாள் ‘கிரீன் சிட்டி விலக்கு’ என்று ஒரு போர்டு கேட்டார். பஸ் நிழற்குடையில் எழுதியிருக்கிற இருளப்பன் பேரை மறைத்து மாட்டவாம். “அந்தப் பேரைப் பாத்தா எவன் ப்ளாட் வாங்குவான்?” என்றார். “ஒங்க காட்டுக்கு எந்தப் பேரு வேணும்னாலும் வைங்க சார். நிழற்குடை ஒங்க காட்டுல இல்ல” என்றேன். “ஒன்னைய விட்டா மதுரையில கடையே இல்லையா?” என்று எழுந்து போனார். அதோடு எல்லா ஆர்டரும் போயிற்று. அன்றைக்கு லோன் தவணையை ரெண்டு மூணு தடவை கணக்குப் பார்த்தேன். ஆனாலும் போன் போட்டுக் கூப்பிடவில்லை.

மதுரையில் அடித்த போர்டு வந்து மாட்டப்பட்டது. இரண்டே நாளில் மகளிர் குழுப் பொம்பளைகள் ஏணி போட்டு ஏறி, ப்ளெக்ஸைக் கிழியாமல் பதமாகக் கழற்றி, ரோட்டோரம் விரித்து அதில் மிளகாய் வத்தல் காயப் போட்டார்கள். ப்ளாட்காரர் காரை நிறுத்திச் சத்தம் போட்டிருக்கிறார். குழுத் தலைவி மாரியக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வத்தலைக் கிளறிவிட்டுக்கொண்டே பதில் சொன்னாளாம்: “நல்ல கெட்டியா அடிச்சிருக்காக சார், இன்னொண்ணு இருந்தாலும் குடுத்துட்டுப் போங்க.”

இருளை மட்டும் எடுத்துவிடுங்கள்

எங்கள் ஊர் இருளேஸ்வரி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸு. மாப்பிள்ளை விருதுநகர்க்காரர். கல்யாண பேனருக்குப் போட்டோ காட்ட அவளே கடைக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா எனக்குப் போன் போட்டார். “பொண்ணு பேரை ஈஸ்வரின்னு மட்டும் போடுங்க. அந்த இருளை எடுத்துருங்க. நாலு பேரு வர்ற மண்டபம்” என்றார். ஸ்பீக்கரில் அவளுக்கும் கேட்டது. கையை நீட்டிப் போனை வாங்கினாள். “பெரியப்பா, நான் இருளேஸ்வரி பேசுறேன். படிச்சது, வேலை வாங்குனது எல்லாம் முழுப் பேர்லதான். பாதிப் பேரை வாசல்ல கழட்டி வச்சுட்டு என்னால வர ஏலாது.” அவர் விடவில்லை. “அப்ப கல்யாணத்தையே யோசிக்கணுமேம்மா” என்றார். “யோசிங்க” என்று வைத்துவிட்டாள்.  தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “முழுசா அடிங்கக்கா. நின்னா நிக்கட்டும்” என்றாள்.

அடித்துச் சுருட்டி வைத்தேன். எந்தத் தகவலும் இல்லை. அவள் முகத்தை நினைத்து எனக்கு வேலையே ஓடவில்லை. அப்புறம் ஒருநாள் மாப்பிள்ளை தனியாக பைக்கில் வந்து இறங்கினார். பேனரைப் பிரிக்கச் சொன்னார், பிரித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். வேண்டாமென்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: “இதை மாத்தி அடிங்கக்கா. எம்பேரு சின்னதா இருக்கட்டும், அவ பேரை ரோட்டுல இருந்தே படிக்கிற மாதிரிப் போடுங்க, எங்க பெரியப்பாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்.”

பேரை மாற்றச் சொல்லி வந்தவர்கள் எல்லோரும் எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அந்த நல்லது எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.